முள் களைந்து சமைக்கும் அக்கூப்

பாலஸ்தீன மலைச்சரிவுகளில் மழைக்காலம் முடியும் தறுவாயில் தரையை ஒட்டி ஒரு முட்செடி தலைகாட்டும். பெயர் அக்கூப். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை, தண்டு, பூந்தலை எங்கும் முள். இந்தச் செடிக்காகத்தான் அங்குள்ள வீடுகள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கின்றன.

பூப்பதற்கு முன், தண்டும் மொட்டும் இளசாக இருக்கும்போதே மண்ணை ஒட்டி அறுத்துவிட வேண்டும். வேர் ஆழமாக இறங்குவது. அதைத் தோண்டாமல் விட்டால் மறு ஆண்டும் துளிர்க்கும். அறுபடாத செடி கோடையில் காய்ந்து, அடியில் முறிந்து, காற்றில் உருண்டு விதை பரப்பும். நம் கடற்கரை மணலில் இராவணன் மீசை உருண்டோடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் உருள ஒன்றும் மிஞ்சாது. இதைக் காரணம் காட்டித்தான் இஸ்ரேல் அரசு 2005-ல் அக்கூப் பறிப்பதற்குத் தடை விதித்தது. பறித்த பாலஸ்தீனர்கள் அபராதம் கட்டினார்கள். வயிற்றுக்கும் பண்பாட்டுக்கும் பறிப்பவரைக் குற்றவாளியாக்கிய அந்தத் தடையை என்னால் ஏற்க முடியவில்லை. தலைமுறைகளாக அந்த மலையில் பறித்து உண்டவர்களிடம் கேட்டே விதிகளை வகுத்திருக்கலாம்.

பறிப்பதைவிடப் பெரிய வேலை முள் நீக்குவது. பெண்கள் கூடி உட்கார்ந்து கத்தியும் கத்தரிக்கோலுமாக மணிக்கணக்கில் செய்வார்கள். மிஞ்சுவது ஒரு கைப்பிடி இளந்தண்டும் மொட்டும்தான். அதை ஆலிவ் எண்ணெயில் வதக்கி முட்டை ஊற்றலாம். ஆட்டிறைச்சியோடு தயிர்க் குழம்பில் வேகவிடலாம். லேசான கசப்பும் மண்வாசமும் கலந்த சுவை.

பெத்லகேமில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த சமையல்காரர் ஃபாதி கத்தான், 2023-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் திறந்த உணவகத்துக்கு இந்தச் செடியின் பெயரையே வைத்தார். பாரிஸில் தொழில் கற்றவர் அவர். ஆனாலும் சுவையின் அடிப்படை பாட்டியின் சமையலறையிலிருந்து வந்தது என்பதை எப்போதும் சொல்பவர். முன்பு பெத்லகேம் பழைய நகரில் அவர் நடத்திய ஃபவ்தா உணவகத்தில் நிலையான பட்டியலே கிடையாது. காலையில் சந்தைக்குப் போவார். உழவர்கள் கொண்டுவந்த கீரையும் காயும் எதுவோ, அதுவே அன்றைய விருந்து. தட்டில் அடுக்கும் விதமும் அளவும் பிரெஞ்சுப் பயிற்சியைக் காட்டும். எந்தக் காய் எந்த வாரம் இளசு, யாரிடம் வாங்கவேண்டும் என்ற அறிவு வீட்டுச் சொத்து. அவருடைய புதுமையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த அறிவுதான்.

பாலஸ்தீனப் பாட்டிகளின் வீடு தேடிப்போய் அவர்களோடு சமைத்த காணொளித் தொடர் ஒன்றையும் அவர் செய்திருக்கிறார். 2024-ல் பெத்லகேம் சமையலைப் பற்றிய அவரது நூலும் வெளிவந்தது. அரபு உணவென்றால் ஷவர்மா, மந்தி என்று நிறுத்திக்கொள்பவர்கள் இவற்றை அவசியம் தேடிப் பார்க்க வேண்டும்.