வடசென்னைக்கென்று தனிச் சுபாவம் உண்டா?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்றதும் 'முரட்டு ஆட்கள், சட்டென்று கை நீட்டிவிடுவார்கள்' என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சினிமாவும் அதற்குத் தூபம் போட்டது. பிறவிச் சுபாவம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்கு முன் பொம்மைகளை ஆட்டினார். பதிவுசெய்த குரல்களைக் கேட்கவைத்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. ஐந்தில் இரண்டு பேர் அமைதியாகப் பார்த்துக் கிடந்தார்கள். அழுத குழந்தைகளில் பலர் வளர்ந்தபின் கூச்சத்தைக் கடந்துவிட்டார்கள். ஆனால் எதற்கும் அஞ்சாத துடுக்குக்காரர்களாக மாறியவர்கள் மிக அரிது. சுபாவம் எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் என்ன ஆள் உருவாகிறார் என்பதை வளரும் சூழல் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ஒரு வட்டாரத்துக்கே ஒரு சுபாவம் இருக்கக் கூடாதா? கேள்வி நியாயமானது. பாஸ்டன் குழந்தைகளைவிட பெய்ஜிங் குழந்தைகள் குறைவாகவே கலவரப்பட்டதாகக் கேகனே கண்டார். ஆனால் அது சராசரி. இரண்டு ஊரிலும் அழுகிறவர்களும் இருந்தார்கள், அமைதியானவர்களும் இருந்தார்கள். தவிர, வடசென்னை ஒரே வம்சம் அல்ல. கடலோர மீனவர்கள், துறைமுக வேலைக்கு ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள், தென்மாவட்டத்தார், 1960களில் திரும்பிய பர்மா தமிழர்கள் எல்லாரும் கலந்த பகுதி இது. குத்துச்சண்டைக்குப் பெயர்போன இதே மண்ணில்தான் தெருவுக்குத் தெரு கேரம் போர்டும் இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைக்காரர். ஸ்ட்ரைக்கரை வைத்து, மூச்சை அடக்கி, விரல் நடுங்காமல் சிவப்புக் காயைக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. குத்துச்சண்டையிலும் முதல் பாடம் அடிப்பதில்லை. கால் வைக்கும் முறையும் முகத்துக்கு முன் கைகளை உயர்த்திக் காத்துக்கொள்வதும்தான். துடிப்பான பையனுக்கு இப்படியொரு இடம் கிடைத்தால் அவன் வீரன். கிடைக்காவிட்டால் ஊர் அவனுக்கு 'ரவுடி' என்று பெயர் வைக்கிறது. சுபாவத்துக்கும் சூழலுக்கும் உள்ள பொருத்தமே குழந்தையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று, 1956இல் தொடங்கிய நியூயார்க் ஆய்வின் வழியே ஆய்வாளர்கள் தாமஸ், செஸ் இருவரும் சொன்னதும் இதையேதான்.

'பயிற்சி கிடைத்தும் அடங்காத பிள்ளைகள் இருக்கிறார்களே' என்பார்கள். அவர்களைக் குறை சொல்லும் முன் அவர்களுடைய ரத்தத்தைப் பார்க்க வேண்டும். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்ததைக் காட்டியது. இன்று அமெரிக்காவில் 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஈயம் கூடக்கூட, பதற்றமும் கவனச் சிதறலும் மற்றவர்களோடு பழகுவதில் சிக்கலும் கூடுவதை அந்தக் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகள் காட்டின. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் தொழிலும் பழைய பெயின்ட்டும் நிற்கவில்லை. பிறவிக் குணம் என்று நாம் பழிக்கும் ஒன்றில் ஒரு பங்கு, காற்றிலும் மண்ணிலும் இருந்து வந்ததாக இருக்கலாம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் அங்கன்வாடிக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அரசு ஈயப் பரிசோதனை செய்ய வேண்டும். அதை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம்.