இடிக்கும் முன் இருவரும் பாருங்கள்



பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறீர்களா? அல்லது மூடிக் கிடக்கும் பட்டாசு அறையை இடிக்க வீட்டுக்காரரைக் கூலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? கடப்பாரையை எடுக்கும் முன் கட்டிடத்தைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் பட்டாசு அறை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் ஆலையில் வெடித்தபோது 20 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மருந்து கலக்கும்போது உண்டான உரசலே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. அதே உரசல் இடிக்கும்போதும் உண்டாகும். அறை காலியாகத் தெரியலாம். ஆனால் தரை வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் மருந்துத் தூள் தங்கியிருக்கும். கடப்பாரை கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி போதும். "மழையில நனைஞ்சு மருந்து செத்துப் போச்சு" என்பார்கள். நம்பாதீர்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். கூட்டி அள்ளவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கும் சிவகாசி வெடிபொருள் அலுவலகத்துக்கும் சொல்லி, அவர்கள் பார்த்து அகற்றிய பிறகே கை வையுங்கள். நாலு நாள் கூலி போனால் போகட்டும்.

அடுத்து வீட்டுக் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் கல்நார் இழை இருக்கிறது. (இன்னமும் கடையில் விற்கத்தான் செய்கிறார்கள்.) சம்மட்டியால் உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து நெஞ்சுக்குள் போகும். அதனால் வரும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த இழை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். கணவன் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கே நோய் வந்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆகவே தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுச் சீட்டாக இறக்கச் சொல்லுங்கள். சீட்டின்மேல் ஏறி நிற்கக் கூடாது, உடைந்து ஆள் விழுந்துவிடுவார். உடைந்த துண்டை மாட்டுக் கொட்டகைத் தரைக்குப் போடாதீர்கள்.

பழைய கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடும். பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைச் சுரண்டும் தூள் முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும், தரையில் தவழும் குழந்தைக்கும் ஆகாது. அவர்களை அந்த நாட்களில் அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்து வருகிறவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, உதறாமல் தண்ணீரில் முக்கி வைக்கட்டும். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கலாம்.