வழிமறித்தவர் யார்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

இவ்வாண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற துறைகளுக்கிடையேயான சாஃப்ட்பால் போட்டி ஒன்றில் நான் நடுவராக நின்றேன். ஹோம் பிளேட்டை நோக்கி முதலாண்டு மாணவர் ஒருவர் ஓடி வந்தார். கையில் பந்தில்லாத கேட்சர் அவர் பாதையை அடைத்து நின்றார். ஓட்டக்காரர் தயங்கி ஒதுங்குவதற்குள் பந்து வந்தது, கேட்சர் தொட்டுவிட்டார். இருவரும் மோதிக்கொள்ளவில்லையே என்றெண்ணி, "அவுட்" என்றேன். ஒரே ஓட்டத்தில் அவருடைய அணி தோற்றது. அம்மாணவர் ஒன்றும் பேசாமல் போனதுதான் என்னை உறுத்தியது.

மறுநாளே உடற்கல்வித் துறையில் விதிநூலை வாங்கிப் படித்தேன். நான் கற்றுக்கொண்டதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பந்தைக் கையில் வைத்திராமலும், அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்கும் முயற்சியில் ஈடுபடாமலும் உள்ள தடுப்பாளர், ஓட்டக்காரருக்கு இடையூறு செய்தால் அது வழிமறிப்பு ஆகும். உடல் மோத வேண்டியதில்லை. ஓட்டக்காரர் வேகம் குறைந்தாலும், வளைந்து ஓட நேர்ந்தாலும் போதும். வேண்டுமென்றே செய்தாரா என்று ஆராயவும் தேவையில்லை. பந்தின்றித் தொடுவதுபோல் பாவனை காட்டுவதும் குற்றமே. ஆனால், அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க முனைபவருக்கு வழியுரிமை உண்டு. அப்போது ஒதுங்க வேண்டியவர் ஓட்டக்காரரே. இடையூறு செய்தால் அவர்தாம் அவுட்.

வழிமறிப்பைக் கண்டவுடன் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாகாது. இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சைகை காட்டி, ஆட்டத்தைத் தொடரவிட வேண்டும். இடையூறு இல்லாதிருந்தால் ஓட்டக்காரர் எந்த பேஸை அடைந்திருப்பார் என்பதை அக்கணமே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த பேஸை எட்டுமுன் அவரைத் தொட்டு அவுட்டாக்கினால், ஆட்டத்தை நிறுத்தி அந்த பேஸை அவருக்கு வழங்க வேண்டும். எப்போதும் ஒரு பேஸ் கூடுதலாகத் தரவேண்டும் என்று பலர் நினைப்பது தவறு.

ஓர் எடுத்துக்காட்டு: இரண்டாம் பேஸிலிருந்து ஓடுபவரை, மூன்றாம் பேஸுக்குச் சற்று முன்பாகத் தடுப்பாளர் மறிக்கிறார். ஓட்டக்காரர் அதையும் தாண்டி ஓடி, ஹோம் பிளேட்டில் மயிரிழையில் அவுட்டாகிறார். மறிக்காதிருந்தால் தப்பியிருப்பார் என்று நடுவர் கருதினால், ஓட்டம் அவருக்கே. மாறாக, அவர் பாதி வழி வருமுன்பே பந்து கேட்சரிடம் வந்து காத்திருந்தால், அந்த அவுட் செல்லும். மூன்றாம் பேஸுக்கு அப்பால் அவர் ஓடியது அவர் பொறுப்பு. எனினும், மறிக்கப்பட்ட இரு பேஸ்களுக்கு இடையில் வழிமறிப்புக்குப்பின் அவரைத் தொட்டு அவுட்டாக்க முடியாது.

என் தந்தையார் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆயினும் வரப்புத் தகராறு என்றால் ஊரில் அவரைத்தான் அழைப்பார்கள். விடுமுறையில் இதை அவரிடம் விவரித்தேன். "மறிச்சு நின்னவன் கையில பந்து இருந்துச்சாப்பா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்ப அவனுக்கு வழியில என்ன வேலை?" என்றார். நான் பல பக்கங்கள் புரட்டித் தெரிந்துகொண்டது அவருக்கு ஒரே கேள்வியில் விளங்கிவிட்டது.

அம்மாணவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவரும் சிரித்துக்கொண்டார். அந்த ஓட்டத்தை மட்டும் என்னால் திருப்பித் தர இயலவில்லை. நாளை நடுவராக நிற்கும் நண்பர்களே, மோதலைத் தேடாதீர்கள். பந்து எங்கே என்று பாருங்கள். இடக்கையை நீட்டத் தயங்காதீர்கள்!