திறமூல மென்பொருள் ஆவணங்களில் கலைச்சொல் ஒருமையும் எழுத்து வேறுபாடும்

1. முன்னுரை

ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்பது கலைச்சொல்லாக்கத்தின் அடிப்படை நெறியாகும். எல்லாத் துறைகளுக்கும் பொதுவான இந்நெறி, திறமூல மென்பொருள்களின் பயன்பாட்டு ஆவணங்களில் தனி முதன்மை பெறுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இவ்வாவணங்கள் ஒருவரால் எழுதப்படுவன அல்ல. ஒருவரையொருவர் நேரில் அறியாத பலரால் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதப்படுவன. இரண்டாவது, இவற்றைப் படிப்பவர் படித்த அளவில் நின்றுவிடுவதில்லை; படித்தவாறே கணிப்பொறிக்குக் கட்டளையிடுகிறார். ஆகவே இங்குச் சொற்குழப்பம் செயற்குழப்பமாகவும் முடிகிறது. இவ்வொருமை ஆங்கில மூலத்தில் எவ்வாறு பேணப்படுகிறது என்பதையும், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லாத தமிழில் அது எவ்வாறு அமையலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒரு பொருளுக்குப் பல சொற்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் பதிப்பு மேலாண்மை மென்பொருளை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். அடுத்த பதிவில் சேர வேண்டிய மாற்றங்களைத் திரட்டி வைக்கும் இடைநிலைப் பகுதி ஒன்று அதில் உண்டு. ‘இண்டெக்ஸ்’, ‘கேஷ்’, ‘ஸ்டேஜிங் ஏரியா’ என்னும் மூன்று பெயர்களும் இப்பகுதியையே குறிக்கின்றன. இவற்றுள் ‘கேஷ்’ என்பது பழைய பெயர். மென்பொருள் வளர வளரப் புதிய பெயர்கள் வந்து சேர்ந்தன. பழையது கட்டளைகளுக்குள் தங்கிவிட்டது.

இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு மொழிபெயர்ப்பாளர் அமைதியுறுதல் இயலாது. மாற்றங்களைப் பொருத்தும் ‘அப்ளை’ என்னும் கட்டளையோடு ‘கேஷ்டு’ என்னும் விருப்பக்குறி வரும்போது செயல் இடைநிலைப் பகுதியில் மட்டும் நிகழும். ‘இண்டெக்ஸ்’ என்னும் விருப்பக்குறி வரும்போது அப்பகுதியிலும் பயனரின் பணிக்கோப்புகளிலும் ஒருங்கே நிகழும். பெயர்ச்சொற்களாக நிற்கையில் ஒரு பொருளைச் சுட்டும் இச்சொற்கள், விருப்பக்குறிகளாக வருகையில் வெவ்வேறு செயல்களைச் சுட்டுகின்றன.

கோப்பை நீக்கும் ‘ஆர்எம்’ கட்டளையில் இதன் விளைவு தெளிவாகப் புலனாகும். அக்கட்டளை தனித்து வரின், கோப்பு இடைநிலைப் பகுதியிலிருந்தும் பணி அடைவிலிருந்தும் நீங்கும். ‘கேஷ்டு’ என்பதோடு வரின், கோப்பு பணி அடைவில் அப்படியே இருக்கும். இவ்விரு செயல்களையும் ‘நீக்கு’ என்னும் ஒரே வினையால் தமிழ் ஆவணம் குறிப்பிடுமானால், கோப்பைக் கண்காணிப்பிலிருந்து மட்டும் எடுக்க எண்ணிய மாணவர் அது தம் அடைவிலிருந்தே மறைந்திருக்கக் காண்பார். ‘விலக்கு’, ‘அழி’ என இரு வினைகளை வரையறுத்துக்கொண்டு, ஆவணம் முழுவதும் அவ்வரையறையைப் பின்பற்றுதல் இவ்விடரைத் தவிர்க்கும்.

3. பெரிய எழுத்தின் பணிகள்

ஆங்கில ஆவணங்களில் பெரிய எழுத்து நான்கு பணிகளைச் செய்கிறது.

(அ) பெயரைச் சுட்டுதல். மென்பொருளின் பெயராக வரும் ‘கிட்’ பெரிய எழுத்தில் தொடங்கும். தட்டச்சு செய்யப்படும் கட்டளையாக வரும் ‘கிட்’ முழுவதும் சிறிய எழுத்தில் அமையும். இவ்வேறுபாட்டை ஒருமைப்படுத்த அதன் ஆவணங்கள் 2013இல் பரவலாகத் திருத்தப்பட்டன.

(ஆ) பொதுச்சொல்லைக் கலைச்சொல்லாக்குதல். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களுக்கான நடைக்குறிப்பு, ‘எப்பக்’ என்னும் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறது. ஊழி என்னும் பொதுப்பொருளை விட்டு, 1970 ஜனவரி 1 நள்ளிரவு என்னும் கணக்குத் தொடக்கத்தை அது குறிப்பதே காரணம். தவிர்க்க வேண்டிய வடிவங்களையும் அக்குறிப்பு உடன் காட்டுகிறது.

(இ) திரையிலுள்ள சொல்லைச் சுட்டுதல். குனோம் திட்டத்தின் வழிகாட்டி, பொத்தான், பட்டி முதலியவற்றின் பெயர்களுக்கு ஒரு முறையையும் விளக்கத் தொடர்களுக்கு வேறொரு முறையையும் வகுத்துள்ளது.

(ஈ) பொருளை வேறுபடுத்துதல். ‘கிரெப்’ என்னும் தேடல் கட்டளையோடு சிறிய ‘எல்’ வரின், தேடும் சொல் உள்ள கோப்புகளின் பெயர்கள் கிடைக்கும். பெரிய ‘எல்’ வரின், அச்சொல் இல்லாத கோப்புகளின் பெயர்கள் கிடைக்கும். இங்கு எழுத்தின் அளவு நடையழகைச் சார்ந்தது அன்று. உடன்பாட்டையும் எதிர்மறையையும் பிரிப்பது.

மூலத்தில் நேரும் இவ்வகைப் பிறழ்ச்சி மொழிபெயர்ப்பையும் தாக்குகிறது. திறமூலத் திட்டங்கள் பலவற்றில் பயன்படும் ‘கெட்டெக்ஸ்ட்’ முறை, மூலத்தொடரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே உரிய மொழிபெயர்ப்பைத் தேடும். ஒரே தொடர் ஓரிடத்தில் பெரிய எழுத்தோடும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்தோடும் அமைந்தால், அவை இரு தொடர்களாகவே எண்ணப்படும். அவற்றை இருவர் மொழிபெயர்த்தால், தமிழில் இரு சொற்கள் தோன்றிவிடும்.

4. தமிழில் இயலும் வழிகள்

தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. எனினும் முதல் மூன்று பணிகளைச் செய்யத்தக்க இலக்கணக் கருவி தமிழிலேயே உள்ளது. ‘என்’ என்னும் வினையடியாகப் பிறந்த என்ற, என்னும், என்பது ஆகியவை, முன் நிற்கும் சொல்லைப் பொருளாக அன்றிச் சொல்லாகவே எடுத்துக்காட்டுகின்றன. ‘கோப்பைச் சேமி’ என்பது ஒரு செயலை ஏவுகிறது. ‘“கோப்பு” என்னும் பட்டியில் “சேமி” என்பதைத் தேர்க’ என்பது திரையிலுள்ள சொற்களைச் சுட்டுகிறது.

இக்கருவிக்கு வேற்றுமை உருபு ஏற்பதிலும் பயன் உண்டு. திரையில் ‘படம்’ என்றிருக்க, ஆவணத்தில் ‘படத்தை அழுத்துக’ என்று எழுதினால், ‘அத்து’ச் சாரியை பெற்று அச்சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. அழுத்த வேண்டியது பொத்தானையா, படத்தையா என்னும் ஐயமும் எழுகிறது. ‘“படம்” என்பதை அழுத்துக’ என்னும்போது உருபு ‘என்பது’ என்னும் சொல்லின்மேல் ஏறுகிறது. திரைச்சொல் மாறாமல் நிற்கிறது.

நான்காம் பணிக்கு இது பயன்படாது. கட்டளைகளில் எழுத்தின் அளவு பொருளை மாற்றும் இடங்களிலெல்லாம் ‘சிறிய எல்’, ‘பெரிய எல்’ என விரித்துக் கூறுதல் வேண்டும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. ஆவணம் எழுதத் தொடங்குமுன் ஏற்ற சொற்களோடு விலக்கிய சொற்களையும் பட்டியலிடுதல். திரையில் உள்ள வடிவத்தையே ஆவணத்தில் ‘என்பது’ முதலியவற்றால் எடுத்துக்காட்டுதல். எழுத்தின் அளவு பொருளை மாற்றும் இடத்தை வெளிப்படையாக உரைத்தல். ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புள்ளவர் ஓரிடத்துப் பிழையைத் தாமே திருத்திக்கொள்வார். தமிழை மட்டும் நம்பிக் கணிப்பொறியின் முன் அமர்பவருக்கு ஆவணத்தில் உள்ள சொல்லே துணை. அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் மாறாதிருத்தல் இன்றியமையாதது.