க்ஷயக் கிருமியின் எழுத்தும் நமது கடமையும்

பகைவன் எழுதிய இரகசிய ஓலை ஒன்று நமது கையில் அகப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் வித்தையும் நமக்குக் கைவந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஓலையைப் பிரித்துப் பாராமல் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவனை உலகம் என்னவென்று சொல்லும்? க்ஷயரோக விஷயத்தில் நமது தேசம் நெடுநாள் செய்து வந்ததும், இன்றும் பல இடங்களில் செய்து வருவதும் இதுவே. அந்த ஓலையின் பெயர் டி.என்.ஏ. அதில் எழுதியிருப்பது என்ன, அதைப் படிப்பது எவ்வாறு, படிக்காது விடுவதால் நேரும் நஷ்டம் யாது என்பவற்றைப் பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக்குத் தெற்கே, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்ததாக விளங்கும் சிட்லபாக்கத்தின் ஜனங்கள் ரயிலேறும் நிலையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். ஓர் ஆஸ்பத்திரியின் பெயரே ஊர்ப் பெயராகவும் ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அவர்கள் இங்கே க்ஷயரோகிகளுக்கென்று ஒரு விடுதியை நிறுவினார். 1937-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்தென்று ஒன்றும் கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, புஷ்டியான ஆகாரம் ஆகிய இந்நான்குமே சிகிச்சை. நகரத்துப் புகையிலிருந்து விலகிக் கிடந்த இப்பிரதேசம் அதற்கு ஏற்ற இடமாகக் கருதப்பட்டது.

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது முதல் நிலைமை மாறத் தொடங்கிற்று. அம்மாறுதலில் சென்னைக்கு ஒரு பெரும் பங்கு உண்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. ரோகியை விடுதியில் வைத்து வைத்தியம் செய்வதற்கும், அவனுடைய எளிய வீட்டிலேயே மருந்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்நிலையத்தார் ஒப்பிட்டு நோக்கினர். மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டிலேயே குணமாகும் என்பதையும், அதனால் குடும்பத்தாருக்கு அபாயம் அதிகமாவதில்லை என்பதையும் 1959-ல் உலகிற்கு அறிவித்தனர். மேனாடுகளிலே சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் ஏழை வீடுகளில் கிடைத்த இச்சாட்சியம் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் மருந்து வந்ததோடு பகை ஒழியவில்லை. சில கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் நின்றன. அடங்காத கிருமி வெளித்தோற்றத்தில் அடங்கும் கிருமியைப் போலவே இருக்கும். பூதக்கண்ணாடி இரண்டையும் ஒரே செந்நிறக் கோடாகத்தான் காட்டும். வேற்றுமை அதன் உள்ளே எழுதப்பட்ட எழுத்தில் இருக்கிறது.

அவ்வெழுத்து எத்தகையது? 1869-ல் பிரீட்ரிக் மீஷர் என்ற ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வாலிபர், ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கட்டுத்துணிகளை வாங்கி, அவற்றில் ஒட்டியிருந்த சீழிலிருந்து ஒரு புதிய வஸ்துவைப் பிரித்தெடுத்தார். நியூக்ளிக் அமிலம் முதன்முதலில் மனிதர் கைக்கு வந்தது அப்போதுதான். அதன் உருவம் விளங்குவதற்கு 84 ஆண்டுகள் ஆயின. ரோஸலிண்ட் பிராங்க்ளின் என்ற மாதரசி எக்ஸ் கதிர்களைக் கொண்டு எடுத்த படங்களின் உதவியால், வாட்ஸன், கிரிக் என்ற இருவர் 1953-ல் அதன் அமைப்பை வெளியிட்டனர்.

முறுக்கிய நூலேணி ஒன்றை மனத்தில் கற்பித்துக்கொள்ளுங்கள். அதன் இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. படிகள் நான்கு வகைக் காரங்களால் ஆனவை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடு மட்டுமே சேரும். குவானைன் சைட்டோசினோடு மட்டுமே சேரும். ஏறக்குறையப் பத்துப் படிகளுக்கு ஒரு சுற்று. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லக்ஷம் கூறிட்டால் அதில் இரண்டு கூறே இவ்வேணியின் அகலம். ஒரு கயிற்றின் எழுத்து தெரிந்தால் மற்றதன் எழுத்தைப் பாராமலே சொல்லிவிடலாம். ஜீவன் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கும் இரகசியம் முழுவதும் இந்தச் சேர்க்கை விதியில் அடங்கியிருக்கிறது. ஏணி இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் தன் ஜோடியை மறுபடி கட்டிக்கொள்ளும்.

ஆர்.என்.ஏ. என்பது இதன் உடன்பிறப்பு. அதன் சர்க்கரை ரைபோஸ். அதில் தைமினுக்குப் பதிலாக யுராசில் இருக்கும். பெரும்பாலும் ஒற்றை இழையாகவே இருக்கும். டி.என்.ஏ. பெட்டகத்தில் வைத்த மூல ஏடு என்றால், ஆர்.என்.ஏ. அன்றாட வேலைக்காக அதினின்று பெயர்த்தெழுதிய நகல். அந்நகலைப் படித்துத்தான் உயிரணு புரதங்களைக் கட்டுகிறது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் இவ்வழக்கை விளங்கவைத்தவர்களுள் ஒருவர் பஞ்சாபிலே ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த கொரானா. 1968-ல் நோபல் பரிசு பெற்றார். நகலைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் என்னும் யந்திரத்தின் உருவத்தை வெளிப்படுத்தி 2009-ல் அதே பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஆகவே இந்தச் சாஸ்திரம் அந்நியருடைய சொத்து என்று நம்மவர் ஒதுங்கி நிற்பதற்கு நியாயம் ஒன்றுமில்லை.

இனி க்ஷயக் கிருமிக்கு வருவோம். அதன் ஏடு முழுவதும் 1998-ல் படித்து முடிக்கப்பட்டது. எழுத்துக்கள் 44 லக்ஷத்துக்குச் சற்று மேல். மரபணுக்கள் ஏறக்குறைய 4,000. இந்நோய்க்குரிய மருந்துகளில் தலையாயது ரிபாம்பிசின். மூல ஏட்டைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எழுதும் எழுத்தன் போன்ற புரதம் ஒன்று கிருமியினுள் இருக்கிறதே, அதன் கையைப் பிடித்து நிறுத்துவதே ரிபாம்பிசினின் வேலை. நகல் நின்றால் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் கிருமி மடியும். ஆனால் அந்த எழுத்தனை உண்டாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலும் போதும், அதன் கை சிறிது உருமாறி, மருந்தின் பிடிக்கு அகப்படாமல் நழுவிவிடலாம். ரிபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 95-ல் இப்பிழை 81 எழுத்துக்களே கொண்ட ஒரு சிறு பகுதியில் காணப்படுகிறது. 44 லக்ஷம் எழுத்துள்ள ஏட்டில் 81 எழுத்தைப் பார்த்தால், எந்த மருந்தைக் கொடுப்பது என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது!

அதைப் பார்ப்பது எப்படி? பழைய முறைகள் இரண்டு. முதலாவது, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பதினாயிரம் கிருமிகளாவது இருந்தாலன்றி இதில் தென்படா. இரண்டாவது, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. க்ஷயக் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிப்பதால், முடிவு தெரியப் பல வாரங்கள் செல்லும். அதற்குள் ரோகி பயனற்ற மருந்தை விழுங்கிக்கொண்டு, தன் வீட்டாருக்கும் பக்கத்தாருக்கும் அடங்காக் கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பான்.

புதிய முறையிலோ, சளியிலுள்ள கிருமியை உடைத்து அதன் டி.என்.ஏ.யை வெளிப்படுத்துகிறார்கள். 95 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் ஏணி இரண்டாகப் பிரிகிறது. சூட்டைத் தணித்தால், வேண்டிய பகுதியின் இரு எல்லைகளிலும் சிறு துண்டுகள் சென்று ஒட்டிக்கொள்கின்றன. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு கிருமியிடமிருந்து பெற்ற நொதி, அத்துண்டுகளிலிருந்து தொடங்கி மறுபாதியைக் கட்டி முடிக்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், இவ்விதம் 30 முறை நடந்தால் கணக்கின்படி ஒன்று 107 கோடி ஆகும். காரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் கண்ட வழி இது. பெருகிய பகுதியோடு ஒளிரும் சாயம் கட்டிய துண்டுகளைச் சேர்க்கிறார்கள். எழுத்து சரியாயிருந்தால் துண்டு ஒட்டிக்கொண்டு ஒளிவிடும். பிசகியிருந்தால் ஒளி வராது. கிருமி உண்டா என்பதும், அது ரிபாம்பிசினுக்கு அடங்குமா என்பதும் இரண்டு மணி நேரத்தில் வெளியாகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2010 டிசம்பரில் இவ்வகை யந்திரம் ஒன்றுக்கு முதன்முதல் ஒப்புதல் அளித்தது. நமது ஆஸ்பத்திரிகளில் இதைச் சிபிநாட் பரிசோதனை என்கிறார்கள்.

ஆர்.என்.ஏ.யைப் படிப்பதற்கும் தாம்பரத்தின் சரித்திரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகிய இருவரின் முயற்சியால் எய்ட்ஸ் நோயின் வைரஸ் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர், பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட அந்நோயாளிகளுக்குப் பெரும் புகலிடமாயிற்று தாம்பரம் சானடோரியம். 2004-ல் இலவச மருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் ஸ்தாபனங்களில் இதுவும் ஒன்று. அந்த வைரஸின் ஏடு ஆர்.என்.ஏ.யில் எழுதப்பட்டது. ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைத் திருப்பி எழுதும் நொதி 1970-ல் கண்டுபிடிக்கப்பட்டது; அதைக் கொண்டு ஏட்டைத் திருப்பி எழுதி, மேற்சொன்ன முறையில் பெருக்கி, இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறதென்று கணக்கிடுகிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் ஜனங்கள் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டுக் கொடுத்த பரிசோதனையும் இதுவே. எய்ட்ஸ் வைரஸால் உடல் தளர்ந்தவரைத் தாக்குவதில் க்ஷயம் முன்னிற்கும். அவர்களுடைய சளியில் கிருமி குறைவாயிருப்பதால் பூதக்கண்ணாடி பெரும்பாலும் ஏமாற்றிவிடும். அவர்களுக்கு டி.என்.ஏ. பரிசோதனை உயிர் காக்கும் பரிசோதனையே ஆகும்.

இங்கே சிலர் ஆக்ஷேபங்கள் கூறுவதுண்டு. யந்திரம் அமெரிக்காவிலிருந்து வருவது, விலை அதிகம், மின்சாரமும் குளிர்ந்த அறையும் வேண்டும், கிராமத்துக்கு ஒவ்வாது என்பது ஒன்று. இது ஒரு காலத்தில் நியாயமாயிருந்தது. ஆனால் பெங்களூரிலும் கோவாவிலும் நம்மவரே உழைத்து ட்ரூநாட் என்னும் சிறு யந்திரத்தை ஆக்கினர். அது பாட்டரியில் ஓடும். ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜை மீதே வைக்கலாம். 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஏற்றுக்கொண்டது. சுதேசியம் கதரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இப்பரிசோதனைக்கும் குறைகள் உண்டு என்பது மற்றொரு ஆக்ஷேபம். உண்மையே. செத்த கிருமியின் டி.என்.ஏ.யையும் இது காட்டும். ஆதலால் சிகிச்சை பலித்ததா என்று அறிய இது உதவாது. அதற்குப் பூதக்கண்ணாடியும் கிருமி வளர்ப்பும் இன்னும் வேண்டும். ரிபாம்பிசினுக்கு அடங்கி, ஐசோனியாசிட் என்ற மற்றொரு மருந்துக்கு மட்டும் அடங்காத கிருமியைச் சாதாரண சிபிநாட் கண்டுகொள்ளாது. அதற்கு வேறு மரபணுப் பரிசோதனைகள் உண்டு. ஆயினும் ஒரு கருவி எல்லாவற்றையும் சொல்லாது என்பதற்காக, அது சொல்லும் முக்கியமான செய்தியைக் கேளாமலிருப்பது விவேகமாகாது.

செய்தி தெரிந்தால் செய்வதற்கு வழியும் இருக்கிறது. அடங்காத க்ஷயத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் மருந்துண்ண வேண்டியிருந்த காலம் போய், தக்க ரோகிகளுக்கு ஆறே மாதத்தில் முடியும் புதிய மருந்துக் கூட்டை 2024-ல் இந்திய சர்க்கார் அங்கீகரித்தது. எவருக்கு அது வேண்டும் என்று காட்டுவது கிருமியின் எழுத்தே.

2025-க்குள் க்ஷயத்தை ஒழிப்போம் என்று நமது தேசம் உலகறியச் சபதம் செய்தது. அவ்வாண்டு கடந்துவிட்டது. 2015-ல் லக்ஷம் பேருக்கு 237 ஆக இருந்த புது நோயாளிகள் தொகை 2024-ல் 187 ஆகக் குறைந்தது. இது சிறு காரியமன்று. ஆனால் சபதம் நிறைவேறவில்லை. உலகத்து க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்னும் நம்மவரே.

ஆகவே பொதுஜனத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது. உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், அவரை வெட்கமோ அச்சமோ தடுக்காதபடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணமில்லை. பூதக்கண்ணாடிப் பரிசோதனையோடு அனுப்பிவிட்டால், டி.என்.ஏ. பரிசோதனை உண்டா என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள். உங்கள் வட்டத்துச் சுகாதார நிலையத்தில் யந்திரம் உண்டா, இருந்தால் அதற்குரிய சில்லுகள் தட்டின்றி வருகின்றனவா என்று மாநகராட்சி அங்கத்தினரையும் சட்டசபை அங்கத்தினரையும் கேளுங்கள். வீதி விளக்குக்கும் குடிநீருக்கும் மகஜர் அனுப்புகிறவர்கள் இதற்கும் அனுப்பலாகாதா? நோயாளியை ஒதுக்கும் வழக்கத்தைக் கண்ட இடத்தில் கண்டியுங்கள். ஒதுக்கப்படுவோம் என்ற பயத்தால் மறைக்கப்படும் இருமலே அதிகம் பரப்புகிறது.

மருந்தில்லாத காலத்தில் காற்றையும் வெயிலையும் மட்டும் நம்பித் தாம்பரத்தில் ஒருவர் விடுதி கட்டினார். மருந்து வந்த காலத்தில் சென்னையின் ஏழைகள் தங்கள் வீடுகளையே ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டு உலகிற்கு வழிகாட்டினர். பகைவனின் ஓலையைப் படிக்கும் வித்தை கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அதை ஒவ்வொரு ரோகிக்கும் படித்துச் சொல்லும்படி செய்வது நமது தலைமுறையின் பங்கு. இதில் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு வீட்டில் பயனற்ற மருந்தாகவும், அடுத்த அறையில் ஒரு குழந்தையின் இருமலாகவும் வந்து முடியும்.