இணையத்தளத்திற்கு ஏற்ற படங்கள்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் எடுக்கப்பெற்ற படங்களை இணையத்தளத்தில் காண விழையும் பெற்றோருள் சிலர், படம் முழுமையாகத் தோன்றுமுன்னரே கைப்பேசியை மூடிவிடுகின்றனர். பணம் செலுத்திப் பெற்ற இணையத் தரவும் வீணாகிறது. தோட்டத்தில் அலைவரிசை மெலிந்திருப்பது ஒரு காரணம். படம் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருப்பது மற்றொன்று. முன்னதை நாம் மாற்ற இயலாது. பின்னதை எளிதில் மாற்றலாம்.

கோலமிடுவோர் புள்ளிகளை வரிசையாக வைப்பதுபோல், கைப்பேசியும் வண்ணப் புள்ளிகளை அடுக்கியே படத்தை உருவாக்குகிறது. அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 எனக் கொண்டால் மொத்தம் 12 மில்லியன் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க 3 பைட்டு வேண்டும். ஆக, 36 மில்லியன் பைட்டு!

இதனைச் சுருக்க வழிகோலியது, நசீர் அகமது, நடராசன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கணித முறையாகும். இவருள் அகமது பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். 1992இல் வெளிவந்த ஜேபெக் முறை அதனையே அடிப்படையாகக் கொண்டது. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, அவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாறுதல்களை இது விட்டுவிடுகிறது. நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நன்கு உணரும். நிறத்தின் சிறு வேறுபாட்டை அவ்வளவாக உணராது. அக்குறையே இங்கு நமக்கு உதவியாகிறது.

கைப்பேசி இவ்வாறு சுருக்கித் தந்த பின்னும் படம் சில மெகாபைட்டு இருக்கும். ஆதலால் முதலில் புள்ளிகளைக் குறைத்தல் வேண்டும். பக்கத்தில் 1,200 புள்ளி அகலத்திற்கே இடமிருக்க, 4,000 புள்ளிகளை அனுப்புவது, ஒரு சட்டி சோறாக்க ஒரு மூட்டை அரிசியைச் சுமந்து வருவதை ஒக்கும். 1,200க்கு 900 எனக் குறைத்தால் மொத்தப் புள்ளிகள் ஏறத்தாழ 11இல் ஒரு பங்காகிவிடும். பின்னர்ச் சேமிக்கும்போது தரத்தை 75 அல்லது 80 என வைத்தால் வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. 30க்கு இறக்கினாலோ பிள்ளைகளின் முகங்களில் கட்டங்கட்டமாகத் தழும்பு தோன்றும்.

பள்ளிச் சின்னம் போன்ற கோட்டோவியங்களுக்கு ஜேபெக் ஏற்றதன்று. ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் காட்டும். எதனையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி முறையே அவற்றிற்குத் தக்கது. அறிவிப்புகளையும் படமாகவே வெளியிடும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. எழுத்தாகத் தட்டெழுதினால் ஓரிரு கிலோபைட்டே ஆகும். பார்வையற்றோரின் வாசிப்புக் கருவியும் அதனைப் படித்துக் காட்டும்.

இன்னொன்று. கைப்பேசியில் இருப்பிடக் குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால், எடுக்கப்பட்ட இடமும் படத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்துவிடும். பிள்ளைகளின் படங்களில் அதனை நீக்கிய பின்னரே தளத்தில் ஏற்றுதல் வேண்டும்.

மூலப்படத்தை மட்டும் அழித்துவிடலாகாது. ஆண்டுமலரில் அச்சிட அதுவே தேவை. திரைக்குப் போதுமான 1,200 புள்ளிகள், அச்சில் அங்குலத்திற்கு 300 வீதம் 4 அங்குல அகலத்திற்கே வரும்.