உங்களுக்குத் தெரியுமா? பழங்குடியினரே நடத்தும் கம்பெனி

நன்னிலத்து வயல்களுக்குக் காவிரியின் கிளையாறுகள் கொண்டுவரும் நீரில் ஒரு பங்கு, நீலகிரியில் உற்பத்தியாகும் பவானி நதியின் தானமாகும். அம்மலையின் வனங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் பூர்வகுடி மக்கள், தாமே பங்குதாரர்களாகவும் நிர்வாகிகளாகவும் அமர்ந்து ஒரு கம்பெனியை நடத்துகிறார்கள் என்பது நம் பக்கத்தில் பலரும் அறியாத செய்தி. கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் ஸ்தாபனத்தின் ஆதரவுடன் 2013 ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ இருளர், குறும்பர் முதலிய சமூகத்தவரை அங்கத்தினராகக் கொண்டது. செங்குத்தான பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கி, உயிரைப் பணயம் வைத்து அவர்கள் எடுக்கும் மலைத்தேனும், அவர்கள் விளைவிக்கும் மிளகு, காபி, சிறுதானியங்களும் தரகர் கையில் அற்ப விலைக்குப் போகாமல், மலைக்கிராமங்களிலேயே பக்குவம் செய்யப்பெற்றுச் சந்தைக்கு வருகின்றன. உழைத்தவனுக்கே ஆதாயம் சேரும் இம்முறை மிகவும் நியாயமானது. வனத்தை அழிக்காமலே ஜீவனம் நடத்த வழிசெய்வதால் போற்றத்தக்கதும் ஆகும். 2030க்குள் எய்த வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் வறுமை ஒழிப்பும் வனப் பாதுகாப்பும் இடம்பெறுகின்றன. அச்சபையின் வளர்ச்சித் திட்ட அமைப்பு 2021இல் இக்வேட்டர் பரிசளித்து உலகெங்கும் கௌரவித்த பத்து அமைப்புகளுள் ஆதிமலையும் ஒன்று.